வெண்டைப் பாத்தியில் யார் கை

என் கையால் விதை போட்டால் முளைக்காது. இது என் மனைவி வழங்கிய தீர்ப்பு. கல்யாணமான புதிதில் ஒரு தொட்டிக் கொத்தமல்லி பொய்த்துப் போனதை மட்டும் சாட்சியாக வைத்து வழங்கப்பட்டது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. நான் தாவரவியலில் முதுகலை படித்தவன். விதை முளைக்க ஈரமும் காற்றும் வெப்பமும் போதும் என்று பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். பிறகு அரசு அலுவலகத்தில் சேர்ந்து, ஒரு கோப்பு எந்த மேசையில் எழுந்து எந்தெந்த மேசையில் உட்கார்ந்து கடைசியில் எங்கே போய்ப் படுக்கும் என்பது வரைக்கும் கற்றுக்கொண்டு ஓய்வு பெற்றவன். இத்தனை இருந்தும் ஒரு வெண்டை விதையை மண்ணுக்குள் போடும் தகுதி எனக்கு இல்லை. காரணம், கைராசி இல்லை.

ஆகவே எங்கள் தோட்டத்தில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. மண் வெட்டுவது, எரு சுமப்பது, பந்தலுக்குக் கம்பு ஊன்றுவது, தண்ணீர் ஊற்றுவது, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து பூச்சிக்கு அடிப்பது எல்லாம் நான். வளர்பிறை பார்ப்பது, கிழக்கே பார்த்து உட்கார்ந்து விதை போடுவது, முதல் காய் பறிப்பது அவள். முளை வந்தால் அவள் கைராசி. வராவிட்டால் நான் ஊற்றிய தண்ணீர் சரியில்லை. அலுவலகத்திலும் இப்படித்தான் இருந்தது என்பதால் எனக்குப் பழக்கக் குறைவு ஒன்றும் இல்லை.

தோட்டம் என்று பெருமையாகச் சொல்கிறேன். நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் நகரில், வீட்டுக்குப் பின்னால் ஒரு லாரியை நிறுத்தினால் நிறைந்துவிடக்கூடிய இடம். செம்மண். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. மாநகராட்சித் தண்ணீர் அதற்குத் தோன்றுகிற நாளில் வரும். பங்குனி பிறந்துவிட்டால் பகலெல்லாம் காய்ந்த மலைக்கோட்டைப் பாறை சாயங்காலம் ஊர் மேல் அனலைத் திருப்பி விடும். அந்தச் சூட்டிலும் கத்தரி காய்க்கும், பாகல் பந்தலேறும், குருவிகள் போட்டுவிட்டுப் போன மணத்தக்காளி கேட்காமலே முளைத்துக் கறுப்பாகப் பழுக்கும்.

சுவர் ஓரத்தில் ஒரு மல்பெரி. ஆயக்குடிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஒருவரிடம் வாங்கி வந்த குச்சியை நான்தான் நட்டேன். குச்சிக்கு ராசிச் சட்டம் பொருந்துமா என்பது பற்றி வீட்டில் தெளிவான உத்தரவு இருக்கவில்லை. அந்த இடைவெளியில் நட்டுவிட்டேன். அது தழைத்து வளர்ந்தது. என் மனைவி அதை விதிவிலக்கு என்று சொல்லி விட்டாள். தை மாதம் கிளைகளை வெட்டி, இலைகளை உருவி விட்டால், கோடை தொடங்கும்போது புதுத் தளிரோடு பழமும் சேர்ந்து வரும். முதலில் பச்சை, பிறகு சிவப்பு, அப்புறம் கறுப்பு. கறுத்த பழத்தைத் தொட்டாலே விரலில் ஊதாச் சாயம் ஏறும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் சீக்கிரம் போகாது. ஒவ்வொரு கோடையிலும் என் மனைவியின் வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

இந்த வருஷம் மாசியில் அவள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், பிறகு பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். படத்தில் கூடியிருந்தது. கையில் கூடவில்லை. விரல்கள் விறைத்துப்போய், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. நடுவில் ஒரு சுண்டைக்காய் அளவு இடைவெளி. அந்த இடைவெளியில் அவளுடைய எல்லா வேலையும் விழுந்துவிட்டது. கோலப்பொடி எடுக்க முடியாது. ஊசி பிடிக்க முடியாது. விதை எடுக்கவே முடியாது.

பிசியோதெரபி செய்யும் பெண் மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். பந்து எங்கள் வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. இரண்டொரு தடவை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"பந்து வெளாடுற வயசாங்க எனக்கு?" என்றாள்.

"வெளாட இல்ல. தசை இளகணும். அதுக்கு ஒரு முறை இருக்கு. அமுக்கி, பிடிச்சு, விடணும்."

"நீங்க அமுக்குங்க. உங்க கை நல்லா இருக்குல்ல."

நான் அமுக்கிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். டிவியில் ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் வைக்காமல். அவள் சீரியல் பார்க்கிற ஆளே இல்லை.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. அவள் பின்வாசலைத் தாண்டுவதில்லை. அரிசி களைந்த தண்ணீரைச் சிரமப்பட்டுக் கொண்டுபோய் முன்பக்கம் தெருவில் ஊற்றினாள். முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு குறையாமல் கத்தரிக்குப் போகும். சமையலறைச் சன்னலில் நின்றாலே தோட்டம் தெரியும், ஆனால் அவள் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள், அதுவும் இடது கையில், கோணல்மாணலாக. ஒருநாள் பாகல் பிஞ்சு விட்டிருப்பதைச் சொன்னேன்.

"விட்டா விட்டுட்டுப் போகுது. கை போச்சு. இனிமே அதுக்கும் எனக்கும் என்ன?"

இதற்கு என்ன வழிமுறை என்று எனக்குத் தெரியவில்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தச் சான்றிதழோடு எங்கே போக வேண்டும் என்று தெரியும். மாவுப்பூச்சி வந்தால் என்ன தெளிக்க வேண்டும் என்று தெரியும். ஒரு பெண் தன் தோட்டத்தை வேண்டாம் என்று சொன்னால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. அவள் அங்கேயே, சத்தமில்லாத டிவிக்கு முன்னாலேயே இருந்துவிடுவாளோ என்று.

பங்குனி வளர்பிறை வந்தது. கோடை வெண்டைக்கு அதுதான் காலம். பாத்தியைக் கொத்தி, மக்கிய எரு கலந்து, பரம்பு அடித்த வயல் மாதிரி சமன் செய்து வைத்திருந்தேன். விதையை வடிகஞ்சியில் உயிர் உரம் கலந்து புரட்டி நிழலில் உலர்த்தியும் வைத்துவிட்டேன். அது எனக்கு அனுமதிக்கப்பட்ட வேலை. உலர்ந்த விதையைக் கிண்ணத்தில் எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.

"வந்து போடு."

"எதால?"

"எடக்கையால போடேன். மண்ணுக்கு எடது வலது தெரியுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விழுந்த பிறகு அவளுடைய பழைய பார்வையை அன்றுதான் பார்த்தேன். "எடக்கையால யாருக்காச்சும் சோறு போடுவீங்களா?"

"இது சோறு இல்லம்மா. வெண்ட வெத."

"நாளைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் அதுதான? எடக்கையால வெத போடுறதாம். படிச்சவுக பேசுற பேச்சு."

"அப்ப நான் போடுறேன்."

"போட்டு? அந்தப் பாத்திய இந்தக் கோடைக்கு மூடிற வேண்டியதுதான்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "டீச்சரக் கூப்புடுங்க."

டீச்சர் எதிர் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கைராசி எங்கள் தெரு முழுக்கப் பிரசித்தம். யார் வீட்டில் முருங்கைப் போத்து நடுவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் ராசி என்கிற பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"ராசியும் கீசியும் எங்க சபையில கெடையாது சார்," என்று சொல்லிக்கொண்டே புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். அந்த நடையைப் பார்த்தால் ராசிக்குத் தனியாக ஒரு பதவி உயர்வு வாங்கியவர் மாதிரி இருந்தது. "அக்கா, கை எப்படி இருக்கு?"

"இருக்கு டீச்சர். தொங்குது," என்றாள் என் மனைவி, பின்வாசல் நிலையைத் தாண்டாமல்.

டீச்சர் பாத்தி ஓரம் குந்தினார். கண்ணை மூடி உதட்டுக்குள் ஒரு சிறு ஜெபம். பிறகு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு விரலால் குழியிட்டு, குழிக்கு இரண்டு விதை என்று போட்டுக்கொண்டே போனார். நான் பின்னாலேயே பூவாளியோடு போனேன்.

"சார், தண்ணி இம்புட்டு ஊத்தாதீங்க. வெத குளிக்க வரல," என்றார்.

நிலையிலிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் உள்ளே போயிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்ததும் அடுப்படியிலிருந்து கேட்டாள். "வந்துச்சா?"

நேற்றுப் போட்ட விதை இன்றைக்கு எப்படி வரும்? அதைச் சொல்லவில்லை. அவளாகத் தோட்டத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. "இன்னும் இல்ல," என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். முதலில் ஆவலாகக் கேட்டவள், பிறகு சும்மா கேட்டாள், பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டாள். கேள்வி தேய்ந்துகொண்டே வருவது எனக்குத் தெரிந்தது. அது நின்றுபோவதற்கு முன்னால் "வந்துருச்சு" என்று சொல்லியாக வேண்டும். அந்த வாரம் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வெண்டை முளைக்க எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்குப்படி இன்னும் பொறுத்திருக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீர், எறும்பு, பகல் சூடு என்று மனம் ஒவ்வொன்றாகக் குற்றப்பத்திரிகை தயாரித்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஒரு குழியை ஈர்க்குச்சியால் கிளறிப் பார்த்தேன். விதை ஊதிப்போய், ஒரு பக்கம் கொழகொழவென்று இருந்தது. அழுகலா, முளைக்கப் போவதன் அடையாளமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இதற்குத்தான் நான் பட்டம் வாங்கினேன். பக்கத்துக் குழியில் விதையே இல்லை. எறும்பு கொண்டுபோயிருக்கும், அல்லது நான் குழி தவறிக் கிளறியிருப்பேன்.

என் மனைவி எப்போதும் ஒன்று சொல்வாள். எனக்கு ராசி இல்லாமல் போனதற்குக் காரணமே இந்தக் கிளறல்தான் என்று. "மண்ணுக்குள்ள போனதத் தோண்டித் தோண்டிப் பாத்தா அதுக்கு வெக்கமா இருக்காதா?" என்பாள். விஞ்ஞானப்படி இதில் ஒரு உண்மை இருக்கிறது. வெட்கம் என்பதை மட்டும் எடுத்துவிட்டால் சரியாக வரும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விதைக் கடைக்குப் போய் அதே வெண்டையில் இன்னொரு பொட்டலம் வாங்கி வந்தேன். மத்தியானம் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. என் மனைவியும் ஃபேனுக்கடியில் கண்ணயர்ந்திருந்தாள். அந்த வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய், டீச்சர் போட்ட குழிகளுக்கு நடுவில் புதுக்குழி போட்டு, தடை செய்யப்பட்ட என் வலது கையால் விதைத்தேன். கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்தேன். நம்பிக்கை இருந்து செய்யவில்லை. நடைமுறை என்று ஒன்று இருந்தால் அதை மீறுவது எனக்கு வராது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி வெடித்திருந்தது. மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டு முளைகள். டீச்சரின் வரிசையில் முளை. என் வரிசையில் முளை. சரி, இரண்டும் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வரிசைக்கும் இடையில், யாரும் குழியே போடாத இடத்திலும் முளை. அடுத்த சில நாளில் அது பாத்தியாக இல்லை, நாற்றங்கால் ஆகிவிட்டது. என் வரிசையில் வந்தது என் விதையா என்பதுகூட நிச்சயமில்லாமல் போனது.

"வந்துருச்சு," என்றேன் அடுப்படிக்கு.

"டீச்சர் கைன்னா கைதான்," என்றாள். குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. ஆனால் எட்டிப் பார்க்க வரவில்லை. நற்பெயர் வேறு மேசைக்குப் போவது எனக்குப் புதிதல்ல.

சாயங்காலம் டீச்சரைத் தெருவில் பிடித்தேன்.

"டீச்சர், குழிக்கு ரெண்டுதான போட்டீங்க?"

"ஆமா."

"இப்ப போய்ப் பாருங்க. பாய் விரிச்ச மாதிரி வந்திருக்கு."

அவர் கையிலிருந்த பால் பையை இந்தக் கைக்கு மாற்றினார், மறுபடி அந்தக் கைக்கு மாற்றினார். "சார், அக்காகிட்ட சொல்லிறாதீங்க. முளைக்கக் காணோம்னதும் எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு. நீங்க பேங்குக்குப் போன அன்னைக்கு, அக்கா குளிச்சுக்கிட்டு இருந்தாங்க, பின்பக்கமா வந்து இன்னொரு கை அள்ளித் தூவிட்டுப் போயிட்டேன். என் பேரு கெட்டாப் போகட்டும். அக்கா மனசு ஒடைஞ்சுறக் கூடாதுல்ல."

"ராசியும் கீசியும் சபையில கெடையாதுன்னீங்க?"

"சபையில கெடையாது சார். தெருவுல இருக்குல்ல."

நானும் என் பங்கைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆக, மூன்று விதைப்பு. எது யாருடையது என்று பிரிக்க இனி எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. டீச்சரின் முதல் விதை தாமதமாக முளைத்து வந்ததா, இரண்டாவது கையா, அல்லது என் கையா? கணக்கு டீச்சரும் தாவரவியல் பட்டதாரியும் நடுத்தெருவில் நின்று யோசித்தும் விடை வரவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கை தேர்ச்சியா தோல்வியா என்று தெரிந்துகொள்ள ஆயுளில் கிடைத்த ஒரே வாய்ப்பையும் நாங்கள் மூன்று தடவை விதைத்துக் குழப்பிவிட்டோம்.

குழப்பம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் உற்றுப் பார்த்தபோது பாத்தியின் மூலையில், சுவருக்குப் பக்கத்தில், மூன்று முளைகள் வேறு மாதிரி நின்றன. தடித்த வித்திலைகள், நடுவில் ரோமம் படர்ந்த குருத்து. அது சுரை. வெண்டைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் சுரை போடவில்லை. ஓடிப்போய்க் கேட்டேன், டீச்சரும் போடவில்லை என்று பைபிள் மேல் கை வைக்காத குறையாகச் சொன்னார்.

குப்பை எருவோடு வந்திருக்குமோ என்றும் யோசித்தேன். நாங்கள் சமைக்கிறது பிஞ்சுச் சுரை. அதன் விதை முற்றாது, முளைக்காது. எங்கள் வீட்டில் முற்றிய சுரை விதை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. போன வருஷம் முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையிலிருந்து எடுத்துச் சாம்பலில் புரட்டி, பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு, அடுப்படிப் பரண் மேல் என் மனைவி வைத்திருக்கிறாள். அதை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை.

அப்படியானால் அவள் போட்டிருக்க வேண்டும். நான் காலையில் நடக்கப் போகிற நேரத்திலோ, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலோ. ஆனால் எந்தக் கையால்? வலது கை விதையை எடுக்காது. இடது கையால் போடுவதற்கு அவள் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை. ஒருவேளை யாருக்கும் தெரியாமல் வந்து போகிறவள், கேட்டதும் அதையும் நிறுத்திவிட்டால்? மண்ணுக்குள் போனதைத் தோண்டிப் பார்க்காதே என்று ஆயுளெல்லாம் எனக்குச் சொல்லப்பட்ட புத்திமதி அன்றுதான் கொஞ்சம் உறைத்தது. கேட்கவில்லை.

ஆனால் பாத்தியை அப்படியே விட முடியாது. அந்த நெருக்கத்தில் ஒரு செடியும் உருப்படாது. கலைத்து விட வேண்டும். குழிக்கு ஒன்று, வலுவானதாகப் பார்த்து நிறுத்திவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். இதிலும் விதி உண்டு. எதை வைப்பது எதைப் பிடுங்குவது என்று முடிவு செய்வது அவள் அதிகாரம். ஒரு காலையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"வெண்ட ரொம்ப நெருங்கிருச்சு. இன்னைக்குக் கலைச்சு விட்டுர்றேன்."

"நீங்க தொடாதீங்க."

"தொடாம? அழுகிப் போகும்."

"போன தடவ கலைச்சு விடுறேன்னு கத்தரியப் பூராப் பிடுங்குனது யாரு?"

"அது ஒண்ணு ரெண்டுதான். அப்ப நீ வந்து சொல்லு, நான் பிடுங்குறேன். அதிகாரம் ஒன்னுது, வேலை என்னுது."

அவள் சட்னியை எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள், இடது கையால். அப்போதுதான் பார்த்தேன். இடது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனியில் ஊதா நிறம். கழுவித் தேய்த்து மங்கிப்போன ஊதா. மல்பெரி. நான் பார்த்ததை அவள் பார்த்தாளா என்று தெரியாது. கரண்டி பாத்திரத்துக்குத் திரும்பியது, கை முந்தானைக்குள் போனது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசல் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் போடாத செருப்புக்குள் ஒரு சிலந்தி குடியிருந்ததாகவும், நான் வீட்டைப் பார்க்கிற லட்சணம் இதுதான் என்றும் உத்தரவாயிற்று. நான் தட்டைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே போனேன்.

பாத்தியைப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன இது? கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி முண்டியடிச்சுக்கிட்டு நிக்குது. டீச்சர் குழிக்கு எம்புட்டுப் போட்டாக?"

"நல்ல மனசு. கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டாங்க."

"ம்." என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போனாள். சுரைக்கு முன்னால் நின்றாள். "இந்தச் சொர எங்கருந்து வந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பரண்ல இருந்த டப்பாவ எடுத்தீங்களா?"

"நானா? நான் எதுக்கு எடுக்குறேன்?"

"பின்ன தானாவா எறங்கி வந்துச்சு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு என்றால் நல்ல நடிப்பு. இல்லை என்றால் நான் இத்தனை நாள் கட்டிய வழக்கு மொத்தமாகச் சரிந்துவிட்டது. எது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைச் சந்தேகப்படுகிறாளா, தன்னை மறைக்கிறாளா என்பதும் தெரியவில்லை. "ஒக்காந்து பாரு," என்று மட்டும் சொல்லி மணையைக் கொண்டுவந்து போட்டேன்.

உட்கார்ந்தாள். இடது கையை நீட்டி ஒரு நெருக்கமான குழியில் வைத்தாள். பிடுங்கினாள். வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்து வந்தன. "ச்சை." அடுத்த குழி, அதிலும் அப்படியே. இடது கைக்கு அந்த நிதானம் வரவில்லை. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நான் வானத்தைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் எழவில்லை. இடது கையால் நல்ல செடியை அணைத்துப் பிடித்தாள். வலது கையை மடியிலிருந்து எடுத்தாள். கட்டைவிரல் வரவில்லை. ஒரு நொடி அப்படியே நிறுத்தினாள். பிறகு கட்டைவிரலை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பக்கத்து முளையைச் செருகினாள். இடுக்கினாள். இழுத்தாள். வேரோடு வந்தது. நல்ல செடி அசையவில்லை.

"பீடி பிடிக்கிற மாதிரி இருக்கு," என்றேன்.

"ஆமா. அது ஒண்ணுதான் பாக்கி," என்றாள், தலை நிமிராமல். அடுத்ததை இடுக்கினாள்.

பிசியோதெரபிப் பெண் இந்தப் பிடியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கட்டைவிரல் இல்லாமல் செய்தால் அது பயிற்சியில் சேருமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெயில் ஏறி, சுவர் நிழல் சுருங்கும் வரை அவள் நகர்ந்து நகர்ந்து கலைத்தாள். பாதிப் பாத்தி ஆனது. நடுவில் கை வலித்தது போலிருக்கிறது, செத்த நேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டாள். சுரையை மட்டும் அவள் தொடவே இல்லை, மூன்றும் அப்படியே நின்றன.

எழுந்திருக்கும்போது, பிடுங்கிப் போட்டதில் வேர் அறுபடாமல் வந்த நாலைந்து வெண்டை நாற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மல்பெரி ஓரத்துல சும்மா கெடக்குற எடத்துல நட்டு விடுங்க."

"நானா?"

"பின்ன டீச்சரையா கூப்புடுறது? இது வெத இல்ல, நாத்து."

குச்சிக்கு ஒரு சட்டம், நாற்றுக்கு ஒரு சட்டம். வெண்டை ஆணிவேர்ச் செடி. பிடுங்கி நட்டால் பிழைக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாளா, தெரியாமலா, தோற்கட்டும் என்றா, பிழைத்தால் பிழைக்கட்டும் என்றா? நான் யோசித்துக்கொண்டே நட்டேன். தென்னை மட்டையைச் செருகி நிழல் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றினேன், விதை குளிக்க வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

மறுநாள் காலையில் நடந்துவிட்டு டீ குடிக்காமல் சீக்கிரமே திரும்பினேன். அடுப்படியில் ஆள் இல்லை. பின்வாசல் திறந்திருந்தது. அவள் மல்பெரிக்கு அடியில் குந்தியிருந்தாள். மூன்று நாற்று சாய்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் நின்றது. அதைச் சுற்றி மண் கிளறப்பட்டிருந்தது.

"என்ன செய்யுற?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "வேர் பிடிச்சிருக்கான்னு பாத்தேன்."

"தோண்டிப் பாத்தா அதுக்கு வெக்கமா இருக்காதா?"

"அதெல்லாம் உங்களுக்கு," என்று மண்ணைத் தள்ளி மூடினாள். "பிடிச்சிருக்கு."

எந்தக் கையால் தோண்டினாள் என்று பார்த்தேன். இரண்டிலும் மண் இருந்தது.